ஒரு ஆறு, இரண்டு கண்ணாடித் தவளைகள்

ஈக்வடாரின் வடமேற்கில் குவாய்யபம்பா என்று ஒரு ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே உள்ள மலைக்காட்டு ஓடைகளில் ஒரு சின்னத் தவளை வாழ்கிறது. வடக்கே உள்ள மலையிலும் அதே மாதிரி ஓடைகளில், பார்க்க அதே மாதிரி ஒரு தவளை. இரண்டும் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். இரண்டுக்கும் பச்சை கலந்த மஞ்சள் முதுகு. புரட்டிப் போட்டால் வயிற்றுத் தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே சிவப்பாக இதயம் துடிப்பது அப்படியே தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கரையைச் சேர்ந்ததுன்னு கண்டுபிடிப்பது பெரும்பாடு. இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான்.

2022 மார்ச் மாதம் 'பியர்ஜே' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று சொல்லி ஆளுக்கொரு பெயர் வைத்தது. தெற்கே இருப்பது ஹையலினோபட்ராக்கியம் மாஷ்பி. வடக்கே இருப்பது ஹையலினோபட்ராக்கியம் நவுன்ஸ். (முதல் சொல் பேரினத்தின் பெயர். கிரேக்கத்தில் 'ஹையலோஸ்' என்றால் கண்ணாடி, 'பட்ரகோஸ்' என்றால் தவளை. கீழே நான் சுருக்கமாக மாஷ்பி, நவுன்ஸ் என்றே எழுதுகிறேன்.)

கொஞ்ச நாளாக இந்தத் தவளைகளைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கண்ணாடித் தவளை என்றாலே இதயம் தெரியும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்து "அட!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது அந்த ஆறுதான். ஆற்றின் ஒரு கரையில் காட்டைக் காப்பாற்றினால் மறுகரைத் தவளைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அது ஏன், இப்போது அந்த இரண்டு கரைகளிலும் நிலைமை என்ன என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். அதற்கு முன் இந்தப் பிராணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பக்கம் கண்ணாடி?

கண்ணாடித் தவளைகள் 'சென்ட்ரோலெனிடே' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினாவின் வடக்கு வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அறிவியல் பெயர் பெற்றவை 150-க்கும் மேல். முதலாவதாகப் பெயர் பெற்றதே ஈக்வடார் தவளைதான். 1872-ல் ஸ்பெயின் நாட்டு இயற்கையாளர் மார்கோஸ் ஹிமேனஸ் தெ லா எஸ்பாதா அதை விவரித்தார்.

பெயரைக் கேட்டு முழுத் தவளையும் கண்ணாடிக் குண்டு மாதிரி இருக்கும்னு நினைத்துவிடக் கூடாது. மேலிருந்து பார்த்தால் சாதாரணப் பச்சைத் தவளை மாதிரிதான் இருக்கும். வயிற்றுப் பக்கத்துத் தோலும் தசையும்தான் ஒளியை உள்ளே விடுகின்றன. இணையத்தில் சுற்றும் படங்கள் பெரும்பாலும் தவளையை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உட்கார வைத்துக் கீழிருந்து எடுத்தவை. காட்டில் அந்தக் கோணத்தில் அதைப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை. அது இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

அப்படியானால் இந்தக் கண்ணாடித்தனத்தால் அதற்கு என்ன லாபம்? 2020-ல் ஜேம்ஸ் பார்னெட்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தவளையின் நடு உடம்பைவிடக் கால்கள் அதிகமாக ஒளியை விடுகின்றன. தூங்கும்போது கால்களை மடக்கி உடம்பைச் சுற்றி வைத்துக்கொள்ளும். இலையின் வெளிச்சம் கால்கள் வழியே ஊடுருவி வருவதால், இலை எங்கே முடிகிறது, தவளை எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியாது. ஓரம் கலங்கிப் போகும். பறவை தேடுவது அந்த ஓரக்கோட்டைத்தான். ஜெலட்டினில் 360 பொம்மைத் தவளைகள் செய்தார்கள். பாதி ஒளி புகும்படி, பாதி ஒளி புகாதபடி. எல்லாவற்றையும் காட்டில் இலைகளின் மேல் வைத்தார்கள். ஒளி புகாதவற்றைப் பறவைகள் இரண்டு மடங்குக்கும் மேல் கொத்தியிருந்தன.

இரத்தம் எங்கே போகிறது?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோலும் தசையும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உள்ளே ஓடும் இரத்தம் சிவப்புதானே? சிவப்பணு இருக்கிற இடத்தில் ஒளி விழுங்கப்படும், நிழல் விழும். மீன்களிலும் சில பிராணிகள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. அண்டார்டிகாவில் சிவப்பணுவே இல்லாத மீன்கள்கூட உண்டு. ஆனால் தரையில் குதித்து, கூவி, பூச்சி பிடித்துத் தின்கிற ஒரு தவளைக்குச் சிவப்பணு இல்லாமல் கதை நடக்காது.

2022 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் கார்லோஸ் தபோவாதா, ஜெஸ்ஸி டீலியா ஆகியோரின் குழு இதற்கு விடை சொன்னது. அவர்கள் ஆராய்ந்தது மாஷ்பியின் நெருங்கிய சொந்தம், அதே பேரினத்தைச் சேர்ந்த ஃபிளைஷ்மன்னி என்ற இனம். பகலில் தவளை தூங்கும்போது தன் சிவப்பணுக்களில் சுமார் 89 சதவீதத்தை இரத்த ஓட்டத்திலிருந்து எடுத்துக் கல்லீரலில் அடைத்து வைத்துவிடுகிறது! கல்லீரலைச் சுற்றி ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் படலம் இருப்பதால் உள்ளே குவிந்த சிவப்பு வெளியே தெரியாது. உடம்பின் ஒளி ஊடுருவும் தன்மை 2 முதல் 3 மடங்கு கூடுகிறது. இருட்டிய பிறகு எழுந்து நடமாடத் தொடங்கியதும் அணுக்கள் மறுபடி ஓட்டத்துக்கு வந்துவிடும்.

இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் நல்ல கதை. தூங்கும் தவளையை எழுப்பினாலோ மயக்க மருந்து கொடுத்தாலோ இரத்தம் திரும்பிவிடும், பார்க்க வேண்டியது போய்விடும். அதனால் ஒளியைப் பாய்ச்சி, அதைச் சிவப்பணுக்கள் உறிஞ்சும்போது எழும் ஒலி அலைகளைப் பதிவு செய்யும் ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். தவளை பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே இருந்தது.

மருத்துவர்கள் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. நம் உடம்பில் அணுக்கள் இப்படி நெருக்கமாக ஒரே இடத்தில் தேங்கினால் இரத்தம் கட்டி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். இந்தத் தவளை தினமும் இதைச் செய்கிறது, கட்டி விழுவதில்லை, ஆனால் காயம் பட்டால் மட்டும் இரத்தம் உறைகிறது. எப்படி என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

இலைக்கு அடியில் ஒரு அப்பா

ஆற்றுக் கதைக்கு வர, இவற்றின் குடும்ப வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடித் தவளைகள் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில் இடுகின்றன. ஹையலினோபட்ராக்கியம் பேரினத்தில் அந்த இடம் இலையின் அடிப்பக்கம். ஆண் அங்கேயே இருந்து பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போனபின் முட்டைக்குக் காவல் ஆண்தான். ஒரே இலையில் வெவ்வேறு நாளில் இட்ட பல முட்டைக் குவியல்களை ஒரே அப்பா பார்த்துக்கொள்வதும் உண்டு.

காவல் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. முட்டைக் கூழ் காய்ந்து போகாமல் தன் வயிற்றை அதன் மேல் வைத்து ஈரம் கொடுக்கும். மெக்சிகோவில் டீலியாவும் கூட்டாளிகளும் ஃபிளைஷ்மன்னி தவளைகளில் இதைக் கவனித்தார்கள். மழை குறைந்து காற்று வறண்டால் அப்பா முட்டை மேல் இருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. அப்பாவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பல முட்டைகள் காய்கின்றன. ஓரளவு வளர்ந்த கருக்கள் நிலைமையைப் புரிந்துகொண்ட மாதிரி, நேரத்துக்கு முன்பே பொரிந்து ஓடைக்குள் விழுகின்றன. அப்பா இருந்தால் பொறுத்திருந்து நன்றாக வளர்ந்த பிறகு விழும்.

விழுந்த தலைப்பிரட்டைகள் நீந்தித் திரிவதில்லை. ஓடையின் அடியில் மக்கிய இலைகளுக்கும் சரளைக்கும் இடையே புகுந்து அங்கேயே வளர்கின்றன. ஆக, இந்தத் தவளைக்கு ஒரே நேரத்தில் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஓடைக்கு மேலே குடை பிடிக்கும் மரம் செடி, எப்போதும் ஈரமான காற்று, அடியில் சேறு மூடாத சுத்தமான ஓடை. இதில் ஒன்று போனாலும் அடுத்த தலைமுறை கிடையாது.

மேகக்காடு அதைக் கொடுக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்ந்து மேகமாகிறது. மேகம் காட்டுக்குள்ளேயே புகுந்து நிற்கும். இலையிலும் பாசியிலும் படிந்த ஈரம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும், மழை பெய்யாத நேரத்திலும். மலை செங்குத்தாக இருப்பதால் ஓடைகள் இரைச்சலோடு பாய்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவில் கூவினால் யாருக்குக் கேட்கும்? ஈக்வடாரில் அருவியோரம் வாழும் சச்சத்தாமியா ஒரெஹுவேலா என்ற இன்னொரு கண்ணாடித் தவளை, மிகக் கீச்சென்ற குரலில் கூவுவதோடு கையையும் காலையும் ஆட்டியும் சைகை காட்டுகிறது. 2020-ல் அதை விவரித்தவர்கள் பெக்கா பிரன்னரும் ஹுவான் மனுவேல் குவாயாசமினும். மாஷ்பி, நவுன்ஸ் கட்டுரையிலும் இந்த இருவர் பெயரைப் பார்க்கலாம்.

ஆறு எப்படிச் சுவராகிறது?

இப்போது குவாய்யபம்பாவுக்கு வருவோம். தலைநகர் கீட்டோ பக்கத்து மலைகளிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டு, நகரத்தின் கழிவையும் சுமந்துகொண்டு, மேற்கு ஆண்டிஸை அறுத்துக்கொண்டு இறங்கி எஸ்மெரால்டாஸ் ஆற்றோடு சேர்ந்து பசிபிக்கில் கலக்கிறது. அதன் பள்ளத்தாக்கு ஆழமானது. மேலே மலையில் குளிர்ந்த மேகக்காடு, கீழே வெப்பமான பள்ளம், நடுவில் அகன்ற ஆறு.

2 சென்டிமீட்டர் தவளையின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். மாஷ்பி பக்கத்து ஓடையிலிருந்து வடக்கே போக வேண்டுமென்றால், ஈரக் காட்டை விட்டு வெப்பப் பள்ளத்தில் இறங்கி, இலைக்கூரை இல்லாத பெரிய ஆற்றைத் தாண்டி, மறுபடி மலையேற வேண்டும். வழியில் முட்டையிட இலை கிடையாது. தலைப்பிரட்டை ஆற்றில் அடித்துக்கொண்டு போனால் கீழே கடல் பக்கம் போகுமே தவிர எதிர் மலைக்கு ஏறாது. நமக்கு வரைபடத்தில் 20 கிலோமீட்டர், அதற்குக் கடக்க முடியாத சுவர். நீண்ட காலம் இப்படிப் பிரிந்தே இருந்தால் இரண்டு பக்கத்து மரபணுவும் தனித்தனியாக மாறிக்கொண்டே போகும். இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு இனங்களையும் பிரித்து வைத்திருக்கிறது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

கேட்டால் எளிதாகத் தெரிகிறது, ஆனால் களத்தில் யாரும் இதை முன்பே எதிர்பார்த்துப் போகவில்லை. இரண்டு மலையிலும் இரவில் தலைவிளக்கோடு ஓடைக்குள் நடந்து, இலைகளைப் பார்த்து, கூவலைப் பதிவு செய்து தவளைகளைச் சேகரித்தார்கள். உருவம் ஒன்று, கூவலும் கிட்டத்தட்ட ஒன்று. இடமும் ஒரே மாதிரி, உயரமும் ஏறக்குறைய ஒன்று. டிஎன்ஏ-வை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே இனத்துக்குள் காணும் சின்ன வேறுபாடு இல்லை, தனித்தனி இனங்களுக்கிடையே காணும் இடைவெளி என்று. எதிர்பார்த்தது ஒரு புது இனம், கிடைத்தது இரண்டு.

இந்த மாதிரி கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து மரபணுவில் பிரிந்து நிற்பவற்றை 'மறைந்த இனங்கள்' என்பார்கள். ஆண்டிஸ் மாதிரி பள்ளமும் மேடுமாக வெட்டுப்பட்ட மலையில் இது ஒரு தடவை மட்டும் நடந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒவ்வொரு ஆழமான பள்ளத்தாக்கும் ஒரு கேள்விக்குறிதான்.

பெயர் வைத்தால் என்ன மாறும்?

பெயர் வைப்பது ஆய்வாளர்களின் திருப்திக்காகத்தானே, தவளைக்கு என்ன வந்தது என்று ஒருவர் கேட்கலாம். நடைமுறையில் நிறைய வருகிறது. இரண்டையும் ஒரே இனமாக எண்ணியிருந்தால், "தெற்கே காப்புக்காடு இருக்கிறது, அங்கே தவளை நன்றாக இருக்கிறது, வடக்கே கொஞ்சம் போனால் பரவாயில்லை" என்று ஒரு அறிக்கை எழுதிவிட முடியும். இனி அப்படி எழுத முடியாது. வடக்கே போனால் நவுன்ஸ் என்ற இனமே போகிறது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பட்டியலில் ஏறவும் பெயர் வேண்டும். கட்டுரை எழுதியவர்கள் இரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என வகைப்படுத்தப் பரிந்துரைத்தார்கள். அதே 2022 நவம்பரில் கண்ணாடித் தவளைக் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது.

மாஷ்பி என்பது ஊர், காப்புக்காட்டின் பெயர். நவுன்ஸ் என்பது? அது 'நவுன்ஸ் டிஏஓ' என்ற இணையக் குழுமத்தின் பெயர். ரெயின்ஃபாரஸ்ட் ட்ரஸ்ட் வழியாகக் காட்டுப் பாதுகாப்புக்கு ஆதரவு தந்ததற்காக வைத்தது. கிரிப்டோ உலகத்துப் பெயர் ஒன்று ஆண்டிஸ் ஓடைத் தவளைக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் காட்டை வாங்கிக் காப்பாற்றப் பணம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்?

ஒரே ஆறு, இரண்டு நிலைமை

இந்த மலைகளில் தவளைக்குக் கீழே செம்பும் தங்கமும் இருக்கின்றன. சுரங்கம் வரும் முன்பே, வெறும் தேடுதல் கட்டத்திலேயே சாலை போட வேண்டும், துளையிட மேடை கட்ட வேண்டும், மரம் வெட்ட வேண்டும். செங்குத்தான மலையில் கிளறிய மண் மழையோடு ஓடைக்குள் இறங்கும். அந்தச் சேறு போய் மூடுவது தலைப்பிரட்டைகள் வாழும் சரளையைத்தான்.

தெற்குக் கரையில் மாஷ்பி இருப்பது கீட்டோ மாநகர மாவட்டத்தின் எல்லைக்குள். 2023 ஆகஸ்ட் 20 அன்று அந்த மாவட்டத்து வாக்காளர்களிடம், 'சோகோ அந்தினோ' என்ற இந்த மலைப்பகுதியில் உலோகச் சுரங்கத்தைத் தடை செய்யலாமா என்று கேட்கப்பட்டது. சுமார் 68 சதவீதம் பேர் தடை செய்யச் சொன்னார்கள். ஒரு தலைநகரமே ஓட்டுப் போட்டு இப்படிச் சொன்னது பெரிய விஷயம். ஆனால் அது இனிமேல் தரப்படும் அனுமதிகளுக்குத்தான். ஏற்கெனவே கொடுக்கப்பட்டவை தானாக ரத்தாகவில்லை.

வடக்குக் கரை இம்பாபூரா மாகாணம், கொட்டகாச்சி வட்டாரம். கீட்டோ மக்கள் போட்ட ஓட்டு ஆற்றோடு நின்றுவிடுகிறது. நவுன்ஸ் வாழும் ரியோ மந்துரியாகு காப்புக்காட்டை எகோமிங்கா என்ற ஈக்வடார் அறக்கட்டளை பராமரிக்கிறது. 2019-ல் இங்கிருந்தே நிம்ஃபார்கஸ் மந்துரியாகு என்ற வேறொரு கண்ணாடித் தவளை விவரிக்கப்பட்டது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'சுரங்கத்தால் ஆபத்தில்' என்று எழுதியிருந்தார்கள்.

வடக்கே நம்பிக்கை நீதிமன்றங்களிலிருந்து வந்திருக்கிறது. ஈக்வடார் 2008 அரசியல் சட்டத்தில் இயற்கைக்கே உரிமை உண்டு என்று எழுதிய நாடு, உலகில் முதலாவது. அந்த உரிமை காகிதத்தில்தானா என்ற கேள்விக்கு, 2021 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் பதில் சொன்னது. இதே வட்டாரத்தில் உள்ள லோஸ் செத்ரோஸ் மேகக்காட்டில் சுரங்கத் தேடுதல் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முக்கியமான தூண் முன்னெச்சரிக்கைக் கொள்கை. அதாவது, ஒரு இனம் அழிந்துவிடும் என்று நூறு சதவீதம் நிரூபிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், திரும்பப் பெற முடியாத சேதத்துக்கு வாய்ப்பு இருந்தாலே நிறுத்தலாம்.

பக்கத்திலேயே ஹுனின் காட்டில் இன்னொரு வழக்கு. 1989-க்குப் பிறகு யாரும் பார்க்காததால் அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட நீளமூக்கு ஹார்லெக்வின் தவளை 2016-ல் அங்கே மறுபடி கிடைத்தது. அந்த மலையில்தான் யுரிமாகுவா செம்புத் திட்டம். 2023 மார்ச்சில் இம்பாபூரா மாகாண நீதிமன்றம் திட்டத்தின் சுற்றுச்சூழல் உரிமத்தை ரத்து செய்தது. வழக்கில் அந்தத் தவளையும் முக்கியமான வாதம்.

இவற்றை வரிசையாகப் படித்தபோதுதான் பெயர் வைப்பதன் எடை எனக்கு உறைத்தது. நீதிமன்றத்தில் "இங்கே ஏதோ தவளை இருக்கிறது" என்று சொல்வதற்கும் "உலகத்தில் இந்த மலையில் மட்டுமே அறியப்பட்ட இந்த இனம் இருக்கிறது" என்று சொல்வதற்கும் நிறைய தூரம். அதே சமயம் தீர்ப்புகள் ஒவ்வொன்றும் ஒரு காட்டுக்கு, ஒரு திட்டத்துக்கு என்று தனித்தனியாக வருகின்றன. லோஸ் செத்ரோஸ் தீர்ப்பு மந்துரியாகுவை நேரடியாகக் காப்பதில்லை, கீட்டோ வாக்கெடுப்பு ஆற்றைத் தாண்டுவதில்லை. காட்டைக் காப்பதற்கான ஏற்பாடுகளும் அந்தத் தவளைகள் மாதிரியே பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகத்தான் இருக்கின்றன.

அடுத்த முறை அந்தச் சிவப்பு இதயப் படத்தை யாராவது அனுப்பினால், அது எந்த இனம், எந்த ஓடை என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். பெரும்பாலான படங்களின் கீழே 'கண்ணாடித் தவளை' என்று மட்டும்தான் போட்டிருக்கும். 150-க்கும் மேற்பட்டவற்றில் அது எது என்பதில்தான், எந்த மலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் இருக்கிறது. நிம்ஃபார்கஸ் மந்துரியாகு பற்றித் தனியாகக் கொஞ்சம் குறிப்புகள் இருக்கின்றன; கறுப்பு வளையத்துக்குள் மஞ்சள் புள்ளி வைத்த முதுகு அதற்கு. நேரம் கிடைக்கும்போது அதையும் எழுதுகிறேன்.